தண்ணி மாத்திரைக்கு ஒரு நேரம்

செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்ற அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கண்ணீர் இல்லை, எரிச்சல். அதற்கு அடுத்து வருவதும் எரிச்சல்தான். ஆனால் அந்த இரண்டாவது எரிச்சல் அவள்மேல் இல்லை. யார்மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியாததால் அதையும் சேர்த்து அவள் தலையிலேயே கட்டிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வடசென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நான் நர்ஸ். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் மார்க்கெட். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் அவள் குரல் கேட்கும், அப்புறம்தான் மீன் வாசனை வரும். "இன்னா கண்ணு, இன்னைக்கும் வெண்டிக்காயா? நர்சம்மா ஒடம்புல ரத்தம் வாணாமா? சங்கரா கீது, துள்ளிகினு கீது, வா" என்பாள். துள்ளியதெல்லாம் அவள் வாய்தான். சங்கரா ஐஸில் விறைத்துக் கிடக்கும்.

ஐம்பதை ஒட்டிய வயது. கனத்த உடம்பு. கழுத்தில் மாதா படம் போட்ட டாலர். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். விம்கோ நகர் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகள் ஒருத்தி. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு வந்து, அரிவாள்மனையைக் காலால் மிதித்தபடி பலகையில் உட்கார்ந்தால், மீன் தீரும்வரை எழுந்திருக்க மாட்டாள். அதுதான் அவளுடைய பெருமை. பக்கத்துக் கடைக்காரிகள் தங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவதுபோல அவள் இதைப் பற்றிப் பேசுவாள்.

எழுந்து எங்கே போவது என்பதுதான் விஷயம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர் உண்டு. ஆண்களுக்கு அது போதும். பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் அங்கே உட்கார்ந்த பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். முந்தின நாள் ராத்திரிச் சோற்றோடு குடித்ததுதான். காலையில் டீக்காரப் பையன் வந்தால் அரை கிளாஸ் வாங்கி, அதிலும் பாதியைக் கீழே ஊற்றிவிடுவார்கள். எல்லோரும் இதைக் கஷ்டமாகச் செய்தார்கள் என்றால், இவள் வித்தை மாதிரி செய்தாள். புதிதாகக் கீரை விற்க வந்த ஒரு பெண் பத்து மணிக்கெல்லாம் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஒடம்பு நம்ம பேச்ச கேக்கணும்டி. அது பேச்ச நாம கேக்க ஆரம்பிச்சா அவ்ளோதான், தலமேல ஏறி குந்திக்கும்."

கீரைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அப்போது சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த உடம்பு ஒரு நாள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. காலை ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தபோது ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படுக்க முடியாமல், இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தபடி வந்தாள். மூச்சு கரகரவென்று சத்தம் போட்டது. வாய் ஓரத்தில் நுரை. கால்கள் வீங்கி, விரலால் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. முந்தின மாதம் லேசாக நெஞ்சு வலித்ததாம், கேஸ் என்று சோடா குடித்துவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாளாம். அது ஹார்ட் அட்டாக். அதில் களைத்துப்போன இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணற, தேங்கிய தண்ணீர் நுரையீரலுக்குள் ஏறிவிட்டது. கடல்காற்றில் பிறந்து வளர்ந்தவள் தரையில் உட்கார்ந்தபடி மூழ்கிக்கொண்டிருந்தாள்.

பிராண வாயு வைத்தோம். தண்ணீரை இறக்கும் ஊசியை நரம்பில் போட்டோம். பிரஷர் கைக்கு அகப்படாத அளவு கீழே கிடந்ததால் டாக்டர் டோபுடமின் போடச் சொன்னார். களைத்த இதயத்தை அடித்துச் சுருங்க வைக்கிற மருந்து அது. குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். குறைந்தால் பிரஷர் விழும், கூடினால் இதயம் தாறுமாறாக ஓடும். வார்டில் அதற்கு மெஷின் எல்லாம் கிடையாது. என் கைக்கடிகாரமும் என் கண்ணும்தான் மெஷின். மற்றப் படுக்கைகளுக்கு ஓடிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து அவள் பாட்டில் கீழே நின்று சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மூச்சு சீராகிப் பேச்சு வந்ததும் முதல் வேலையாக டாக்டரை விசாரித்தாள்.

"இன்னா மருந்து சார் இது? ஒடம்பு படபடன்னு அட்ச்சிக்குது."

டாக்டர் தென்மாவட்டக்காரர். பொறுமைசாலி. "உங்க இதயம் களைச்சுப் போச்சும்மா. அதைக் கொஞ்சம் தள்ளி விடுறோம். தானா ஓட ஆரம்பிச்சதும் மருந்தைக் குறைச்சுக் குறைச்சு நிறுத்திருவோம்."

"ஸ்டார்ட் ஆவாத ஆட்டோவ தள்ற மாறியா?"

"அதே மாதிரிதான்."

"எத்தினி தபா தள்ளுவ சார்?"

டாக்டர் சிரித்தார். "தள்ளுறது ரிப்பேர் இல்லைம்மா. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்கன்னா மறுபடி தள்ள வேண்டிய அவசியமே வராது."

அவள் படுக்கையில் எனக்கு நினைவிருக்கிற இன்னொன்று, கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பை. ஊசி போட்டதும் தண்ணீர் பிரிவதை அளந்து பார்க்க வேண்டும் என்பதால் டியூப் போட்டிருந்தோம். மற்ற நோயாளிகள் அதற்குக் கூச்சப்பட்டு அழுவார்கள். இவள் குனிந்து குனிந்து அந்தப் பையைப் பார்த்தாள்.

"எந்திரிக்க வாணாம், எங்கியும் போ வாணாம், அதும்பாட்டுக்கு போவுது. சோக்கா கீதே! சிஸ்டர், இத்தோடவே வூட்டுக்கு அனுப்பிடேன். பாவாடைக்குள்ள கட்டிகினு மார்க்கெட்ல குந்திக்கிறேன்."

"சும்மா இரு அக்கா."

"மெய்யாலுமே தான் சொல்றேன். சரி, ஒரு சொம்பு தண்ணி குடு. வகுறு முட்ட குடிக்கணும்னு எத்தினி வருசமா ஆச தெரியுமா?"

கொடுக்க முடியாது. இந்த வியாதிக்குத் தண்ணீர் அளந்துதான் தர வேண்டும். நாளெல்லாம் குடிக்க இவ்வளவுதான் என்று ஒரு பாட்டிலைக் காட்டினேன். அவள் பாட்டிலையும் பார்த்தாள், பையையும் பார்த்தாள். "போற எடம் இருக்கும்போது குடிக்க குடுக்க மாட்டேன்ற. ஒன் ஆஸ்பத்திரில ஞாயமே இல்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிரித்தேன். அது வெறும் வாய்ஜாலம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்குப் போகும்போது மாத்திரைகளைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தோம். இதயத்துக்கு இரண்டு வகை. அதோடு ஒரு தண்ணி மாத்திரை. காலையில் போட்டால் மத்தியானம்வரை அடிக்கடி சிறுநீர் போகும், பயப்படக் கூடாது, உடம்பில் தண்ணீர் தேங்காமல் இருக்க அதுதான் வழி என்று டாக்டர் அவளுக்கும் மகளுக்கும் சொன்னார். அவள் பவ்யமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது தடவை வந்தாள். அதே மூச்சு, அதே நுரை, அதே கால்கள். அதே மருந்து, அதே சொட்டு. கொஞ்ச காலம் கழித்து மூன்றாவது தடவையும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார், "மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" "சாப்புட்றேன் சார்" என்பாள். மாதா மேல் சத்தியமும் செய்வாள். டாக்டர் குழம்பிப்போய் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். ஆனால் சித்திரை, வைகாசியில் மட்டும் அவள் ஜோராக இருந்தாள். கால் வீக்கம் வடிந்து, படியேறி வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். "பார்த்தீங்களா சிஸ்டர், டோஸ் கூட்டினது வேலை செய்யுது" என்றார் டாக்டர். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அது மீன்பிடித் தடைக்காலம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலம் இல்லை, அவள் வீட்டில் இருந்தாள். தடை முடிந்து படகுகள் கிளம்பியதும் அவளும் கிளம்பினாள். ஒரு நாள் மீன் வாங்க நின்றபோது, அரிவாள்மனையை மிதித்திருந்த பாதம் பன் மாதிரி உப்பியிருந்ததைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பு சதைக்குள் புதைந்து கிடந்தது.

"அக்கா, தண்ணி மாத்திரை போடறியா இல்லியா? உண்மைய சொல்லு."

வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "நெஞ்சு மாத்திர ஒயுங்கா சாப்புட்றேன் கண்ணு. ஒருநா தப்புனது இல்ல."

"தண்ணி மாத்திரை?"

"அத்த துன்னுட்டு இங்க எங்க போறது? வஞ்சிர தட்டு மேலயா?"

பக்கத்துக் கடைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எத்தனை நாள் அவள் பாட்டில் கீழே நின்று சொட்டு எண்ணியிருக்கிறேன்! எத்தனை தடவை அவளுடைய நரம்பு அகப்படாமல் கையைத் தட்டித் தட்டி ஊசி ஏற்றியிருக்கிறேன்! எல்லாம் ஒரு மாத்திரையை விழுங்காததற்காக. நடு மார்க்கெட்டில் நின்று கத்தினேன். அறிவிருக்கா என்று கேட்டேன். செத்துப் போகப் போறே என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, துண்டு போட்ட மீனைக் கவரில் கட்டி நீட்டினாள்.

"எனக்கு நெஞ்சுலதான் சீக்கு. மூத்தரத்துல சீக்கு இல்ல. தேவையில்லாத மாத்திர அது."

அதிலிருந்து அந்த மாத்திரைக்கு ஒரு நேரம் கண்டுபிடிப்பதே என் வேலையாகிவிட்டது. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அவளுடைய கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, மத்தியானம் வீட்டுக்குப் போனதும் போடச் சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்லை" என்றார். இவ்வளவு சுலபமா என்று நான் துள்ளிக் குதித்துப் போய்ச் சொன்னேன்.

"மத்தியானமா?" என்றாள். அவள் இருந்தது வரிசை வீடு. அத்தனை குடித்தனத்துக்கும் சேர்த்துக் கோடியில் ஒரே கக்கூஸ். காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அது காலியாக இருக்கும். தடைக்காலத்தில் அவள் மாத்திரை போட்டது அப்படித்தான். மத்தியானத்துக்கு மேல் ஹார்பரில் ஷிப்ட் முடிந்த ஆண்கள் வந்துவிடுவார்கள். கக்கூஸுக்குப் போகிற சந்தில் கட்டில் போட்டுச் சீட்டாடுவார்கள். "ஒருதபா போலாம், ரெண்டுதபா போலாம். ஒன் மாத்திரைக்கு பத்துதபா போணும். ஒவ்வொரு தபாவும் காலை மடக்கி வயி வுடுவானுங்க. அப்பால நம்ம மூஞ்ச பாத்து சிரிப்பானுங்க. இன்னாத்துக்கு அந்த கலீஜு?"

சரி, ராத்திரி? ராத்திரி அங்கே விளக்கு கிடையாது. வீட்டுக்குள்ளேயே ஒரு வாளி வைத்துக்கொள் என்றேன். ஒரே அறை, வயசுப் பெண் படுத்திருக்கிற இடம், என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று என்னையே திட்டினாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டணக் கழிப்பிடம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். ஒரு தடவை போயிருக்கிறாளாம். தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து எவனோ கதவை இழுத்துத் திறந்துவிட்டான். "அவன் பயந்து ஓடிட்டான் கண்ணு" என்று அதையும் சிரிப்பாகவே சொன்னாள். ஆனால் அதற்கு அப்புறம் அந்தத் தெருப்பக்கமே அவள் போனதில்லை.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு லீவு நாளில் மார்க்கெட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கே போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிதானமாகக் கேட்டார். "நீங்க சொல்ற லேடீஸ் எல்லாம் ரோட்டோரம் உக்கார்றவங்க. அந்தக் கடைங்களுக்கே பர்மிஷன் கிடையாது. பர்மிஷன் இல்லாத கடைக்கு எப்படிம்மா பாத்ரூம் கட்டறது?" கடைக்கு இல்லை சார், பெண்களுக்கு என்றேன். அவர் ஃபேனின் வேகத்தைக் கூட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.

இதையெல்லாம் அவளிடம் வந்து புலம்பினால், அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீ ஏன் கண்ணு டென்சன் ஆவுற? சரி, ஒனக்கோசரம் ஒண்ணு பண்றேன். வெள்ளிக்கெயம எவனும் மீனு வாங்க மாட்டான். அன்னைக்கு வூட்லதான் இருப்பேன். அன்னைக்கு போட்டுக்கிறேன்."

வாரத்தில் ஒரு நாளாவது போடட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் வார்டுக்கு வந்தாள். இந்தத் தடவை மூச்சிரைப்பு இல்லை. கை கால் இழுத்துக்கொண்டு, நாக்கு வறண்டு, கண் சொருகிக் கிடந்தாள். வெள்ளிக்கிழமை காலையில், அந்த வாரம் போடாமல் விட்ட தண்ணி மாத்திரை அத்தனையையும் மொத்தமாக விழுங்கியிருக்கிறாள். தவறவிட்ட சர்ச் பூசைக்கெல்லாம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மொத்தமாகப் பரிகாரம் செய்துவிடலாம் என்கிற மாதிரி. உடம்பில் இருந்த தண்ணீரும் உப்புச் சத்தும் எல்லாம் இறங்கிப்போய்விட்டது. யாருடைய உடம்பிலிருந்து தண்ணீரை இறக்குவதற்காக இத்தனை நாள் போராடினோமோ, அவளுக்கு அன்றைக்கு நாங்களே தண்ணீர் ஏற்றினோம். அந்தப் பொறுமைசாலி டாக்டர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தியதை அன்றுதான் கேட்டேன்.

"யாரும்மா உங்களை மொத்தமா சாப்பிடச் சொன்னது?"

"மிச்சம் வெச்சா வீணா பூடுமே சார்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் தெளிந்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன். உனக்காக நான் நாயாய் அலைகிறேன், நீ விளையாடுகிறாய் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் கேட்டாள், "நீ காலைலேர்ந்து தண்ணி குடிச்சியா?"

"எனக்கு வேலை இருக்கு."

"ஒதடு வெட்ச்சி கீது, பாரு. ஒங்க கக்கூசு எங்க கீது?"

எங்கள் மாடியில் நர்ஸுகளுக்கென்று இருந்த கழிப்பறையில் குழாய் உடைந்து வெகு நாளாகப் பூட்டிக் கிடந்தது. எதிர்க் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். வார்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். அவள் சிரிக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள், சக தொழிலாளியிடம் செய்வதுபோல. அந்தத் தட்டல்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பரவாயில்லாமல் சில மாதங்கள் போயின. வியாபாரம் மந்தமான வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஒவ்வொரு மாத்திரை என்று ஒரு மாதிரி ஒப்பேற்றிக்கொண்டு வந்தோம். பிறகு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி தொட மாட்டார்கள், மீன்தான். வருஷம் முழுக்க ஈயோட்டுகிற வெள்ளிக்கிழமை அந்த வாரங்களில் மட்டும் அவளுக்குப் பெரிய வியாபார நாள். எனக்கும் அப்போது வேறு ஷிப்ட், அவளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாத்திரை போய்விட்டது. செவ்வாயையும் அவள் விட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தவக்காலக் கடைசியில், குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரத்தில் மகள்தான் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் உட்கார்ந்துகொண்டாவது வருவாள். இப்போது மகள்மேல் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பிராண வாயு, ஊசி, டியூப், எல்லாம் பழைய வரிசைப்படி நடந்தது. டோபுடமின் ஏற்றியதும் பிரஷர் ஏறியது. நான் மூச்சு விட்டேன். இவளுக்கு இது பழக்கம்தானே, ரெண்டு நாளில் வாய் பேச ஆரம்பித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

வாய் பேசினாள், ஆனால் மருந்தைக் குறைக்க முடியவில்லை. டாக்டர் சொட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார், நான் குறைப்பேன், கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கி அவள் முகம் வேர்க்கும். மறுபடி கூட்டுவேன். காலையில் குறைப்பது, மத்தியானம் கூட்டுவது. அதே மாதிரி இன்னொரு மருந்தான டோபமினையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். மாத்திரைகளை மாற்றிப் பார்த்தோம். மருந்து ஓடினால் இதயம் ஓடியது, மருந்து நின்றால் அதுவும் நின்றுவிடப் பார்த்தது. டாக்டர் மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"இந்த மருந்து இதயத்துக்குத் தெம்பு குடுக்கலைம்மா. அதுகிட்ட இருக்கிற மிச்சத் தெம்பையும் சேர்த்து வேலை வாங்குது. மருந்து இல்லாம அதால தனியா ஓட முடியலை. நிறுத்தவும் முடியாது, ரொம்ப நாள் ஓட்டவும் முடியாது."

அந்தப் பெண் அழவில்லை. "சரி சார்" என்றாள். "அம்மாவுக்கு இது தெரிய வாணாம்" என்றாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, போகணும் என்றாள். கம்பெனிக்கா என்று கேட்டேன். கம்பெனியை விட்டுவிட்டாளாம். தவக்காலம் தொடங்கியபோதே அம்மாவால் கூடை தூக்க முடியவில்லை என்று கூடமாட உதவிக்கு வந்திருக்கிறாள். அம்மா படுத்த நாளிலிருந்து அவளே காசிமேட்டுக்குப் போகிறாள், அவளே பலகையில் உட்காருகிறாள். இடத்தைக் காலியாக விட்டால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

பெரிய வியாழனன்று உச்சி வெயிலில் மகள் மார்க்கெட்டிலிருந்து நேராக வார்டுக்கு வந்தாள். பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவசரமாக ஓடி வந்திருந்தாள். சேலையெல்லாம் மீன் செதில். முகம் சிவந்து, உதடு வெடித்து, பேசும்போது நாக்கு ஒட்டியது. அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு வவ்வால் நல்ல விலைக்குப் போனது, பெரிய வெள்ளிக்கு நாளைக்கு ரெண்டு கூடை எடுக்கப்போகிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பேச மூச்சு போதவில்லை. கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தப் பெண்ணின் உதட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினேன். "முதல்ல இதைக் குடி."

வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். அப்பாடா என்று நினைத்தேன். அவள் அதை விழுங்கவில்லை. கன்னத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டி, எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே துப்பிவிட்டு, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டம்ளரை அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"குடிக்கலியா?"

"திரும்பிப் போயி இன்னைக்கு சாயங்காலம் வரிக்கும் குந்தணும்க்கா."

எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன், நீயாவது சொல்லேன் என்று. அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை மெதுவாக நகர்த்தி, மகளின் முழங்காலில் வைத்தாள். மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, என்னிடம்தான் சொன்னாள்.

"நான் கத்துக்க... ரெண்டு வருசம் ஆச்சி சிஸ்டர். இவ... நாலே நாள்ல கத்துகினா, பாரு."

இத்தனை தடவை அவளைப் பிழைக்க வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.